என் புலம்பலை எல்லாரும் படித்த வாரம்

மார்ச் 3, திங்கள்

இன்றும் தலைவலி. ஆபீஸில் புரியாத கறுப்புக் கம்ப்யூட்டர் திரை, வீட்டில் கால் உடைந்து படுத்திருக்கும் கணவர், நடுவில் நான். மாதக் கடைசியில் தகுதிகாண் காலம் முடிகிறது. நிரந்தரம் ஆக்காவிட்டால் வீட்டில் ஒரு சம்பளமும் கிடையாது.

இன்று கற்றது: கம்ப்யூட்டர் கோடில் எதை மாற்றினாலும், அது பதிவாக முதலில் ‘கிட் ஆட்’, பிறகு ‘கிட் கமிட்’ அடிக்க வேண்டும். கமிட்டோடு என்ன செய்தோம் என்று ஒரு வரிக் குறிப்பு. யாருக்காக? எனக்காகத்தான் இருக்கும்.

மார்ச் 5

குறிப்பு எழுதுவது பிடித்துவிட்டது. இந்த நோட்டைவிட வசதி. இன்றைய கமிட்டுகள்:

“நாலாவது தடவை. அழுகை வருது.”

“சோடாபுட்டி சொன்ன மாதிரியே செஞ்சேன். அவருக்கே புரியலைன்னு நினைக்கிறேன்.”

“தள்ளுபடி கணக்கு ஓடுது. எப்படி ஓடுதுன்னு சத்தியமா தெரியாது.”

சோடாபுட்டி எங்கள் டீம் லீடர். கண்ணாடி தடிமன், பேச்சு கம்மி.

மார்ச் 6

அசதி.

மார்ச் 7

‘கிட் புஷ்’ கற்றேன். என் கம்ப்யூட்டரில் இருந்த கமிட்டெல்லாம் பொதுச் சர்வருக்குப் போயின. சந்தோஷமாக எழுந்தால், பக்கத்து மேசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

“அக்கா, குறிப்பும் சேர்ந்துதான் போகும். ‘கிட் லாக்’ போட்டா மொத்தக் குறிப்பும் வரிசையா எல்லாருக்கும் தெரியும்.”

ஐயோ, சோடாபுட்டி! மானம் கப்பலேறிவிட்டது. அழிக்க முடியாதா என்றேன். “எல்லாரும் அவங்கவங்க கம்ப்யூட்டர்ல இறக்கிட்டாங்களேக்கா.”

வேலை போச்சு. இத வீட்ல எப்படிச் சொல்றது? “ஏன் முகமே சரியில்ல?” என்றார் கணவர். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் குளியலறையில் அழுதேன்.

மார்ச் 10

தள்ளுபடி தப்பாக வருகிறது என்று வாடிக்கையாளர் கத்தல். எங்கே தப்பு என்று யாருக்கும் தெரியவில்லை. சோடாபுட்டி லாகை மேலிருந்து படித்தார். மற்றவர்கள் குறிப்பெல்லாம் “திருத்தம்”, “திருத்தம்”, “கடைசித் திருத்தம்”. என் ‘சத்தியமா தெரியாது’ வரிக்கு வந்ததும் நின்றார். சத்தமாகவே படித்தார். எனக்குக் காது சுட்டது.

அந்தக் கமிட்டைத் திறந்தார். தப்பு அங்கேதான்.

“எங்க சந்தேகமோ அங்கயே எழுதி வச்சிருக்கீங்க. நல்லதாப் போச்சு,” என்றார். பிறகு, “எனக்கே புரியலைன்னு எழுதினீங்களே, அதுவும் உண்மைதான்.”

சிரித்தாரா? அந்தக் கண்ணாடிக்குள் எதுவும் தெரியவில்லை.

மார்ச் 31

நிரந்தரம். காகிதம் கைக்கு வந்துவிட்டது. வீட்டில் சொன்னதும் கணவர் ஒற்றைக் காலில் எழுந்து நிற்கப் பார்த்தார். திட்டி உட்காரவைத்தேன்.

எழுத மறந்தேனே, காலையில் லாகைப் பார்த்தபோது மேலே ஒரு புதுக் கமிட்:

“முதுகு வலி தாங்கல. வரி கணக்குல எனக்கும் சந்தேகம். அக்கா, கொஞ்சம் பாருங்க. இப்படிக்கு, சோடாபுட்டி.”