டார்பிடோ கழன்ற அன்று

ஹம்பர் ஆற்றங்கரை,
மார்ச் 1923

அன்புள்ள ஆக்னஸுக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?

கப்பல் தளத்திலிருந்து பறப்பதற்காக நாங்கள் செய்யும் இரட்டை இறக்கை விமானம் ஒருவழியாக டார்பிடோவை ஆற்றில் போட்டுவிட்டது. முன்பெல்லாம் அதைத் தாங்கும் கொக்கி கழலாமல் அடம்பிடித்தது. அதைத் திருத்தியவன் நான் என்பதால், விமானி டென்ஹாம் என்னையே பின்னிருக்கையில் ஏற்றினார்.

"அந்த பாரத்தோட இறங்கினா சக்கரம் தாங்காது, மக்ரே. கழலலேன்னா ரெண்டு பேரும் ஆத்துல குளிக்க வேண்டியதுதான்" என்றார்.

டென்ஹாமின் முதல் இழுப்பில் அது கழலவில்லை. நான் குனிந்து கொக்கியின் கம்பியைக் கையால் பிடித்து இழுத்தேன். பாரம் போனதும் விமானம் துள்ளி எழுந்தது. "இப்ப மூச்சு விடுய்யா" என்று டென்ஹாம் கத்தினார். கையில் சின்னக் கீறல்தான். எழுத்து கோணலாக இருப்பது அதனால்.

கம்பளிக் கையுறை ஒரு ஜோடி அனுப்பு. நடக்கத் தொடங்கிவிட்ட நம் மகள் இஸ்லாவின் பாதத்தைக் காகிதத்தில் வைத்துச் சுற்றிக் கோடு இழுத்தும் அனுப்பு. காலணி வாங்கப் போனேன். கடைக்காரி அளவு கேட்டாள், ஊரிலிருந்து கிளம்பும்போது பார்த்த நினைவில் விரல்களை அகட்டிக் காட்டினேன்.

"அது இப்பதான் பொறந்த குழந்தைக்குங்க" என்றாள்.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன்,
டூகல்