செவ்வொளியில் இரண்டாம் மேடு

சிவமயம். அணுவினுள் அணுவாய் நிற்கும் பெருமானே, காண்பதைப் பிழையறக் காணும் கண்ணைத் தந்தருள்க.

அட்சய வருடம் (1986), ஆனி 9, திங்கள்

மேல்காற்று. காலையிலேயே அனல். டைல்ஸ் ஆலை ஆய்வகத்தில் லேசர் கருவி இன்று இயங்கத் தொடங்கியது! அரைத்த களிமண்ணின் துகள் அளவு பார்ப்பதற்கு. உயரக் குடுவையில் மண் படியப் படிய நாள் முழுதும் காத்திருந்து கணக்கிட்டவன் நான். இனி இரண்டே நிமிடம். கண்ணாடிக் கலத்தில் மண் கரைசல், ஊடே செவ்வொளி. பெருந்துகள் ஒளியைச் சற்றே விலக்கும். நுண்துகள் அகலச் சிதறடிக்கும். அச்சிதறலே அளவு சொல்லும். தாளில் மலைபோல் ஒரு வளைகோடு. ஐம்பத்தேழு வயதில் சிறுவனைப்போல் அத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

வாங்க: காய்ச்சி வடித்த நீர், மெல்லிய துணி, வீட்டுக்குக் கொத்தவரங்காய்.

ஒரு சங்கடம். மலைக்கு அப்பால் சிறு மேடு இன்னொன்று. அரைபடாத பெருந்துகள். மேலாளர் எட்டிப் பார்த்தார். "மில்லு ஓட்டுறது ஆரோக்கியசாமிதானே? பாதியிலயே மண்ண எறக்கிட்டுத் தூங்கிருக்கான்."

ஆனி 10, செவ்வாய்

ஐந்து முறை அளந்தேன். ஐந்திலும் அந்த மேடு. மேலாளர்: "நாளைக்குள்ள அறிக்கை குடுங்க. அவன வேலையவிட்டு நிறுத்திடலாம்."

என் கையொப்பம்; அவர் பிழைப்பு.

ஆ.சாமி வந்தார். "முழு நேரமும் ஓட விட்டேங்கய்யா. வெரலால தேச்சுப் பாருங்க, வெண்ணெயாட்டம் இருக்கும்."

தேய்த்தேன். வெண்ணெய்தான். ஆயினும், "கருவி பொய் சொல்லாது" என்றேன்.

"அப்ப நான் சொல்றனா?"

அறிக்கையை எழுதாமலே வீடு திரும்பினேன்.

ஆனி 11, புதன்

பூசை முடித்து நேரே ஆய்வகம். ஆ.சாமியின் கண்முன்னே இறுதியாக ஒரு முறை. ஒளிக்கற்றையை அவருக்குக் காட்ட வேண்டி, ஜன்னல்களைச் சாத்தி விளக்கை அணைத்தேன். கலத்தின் மேல் குனிந்தேன்.

"ஐயா, அசையாதீங்க! உங்க நெத்திலேர்ந்து பொறி பறக்குது."

செவ்வொளியில் மின்னி மின்னிக் கலத்துக்குள் இறங்கின துகள்கள். நீரில் குழைக்காமல் பூசிய திருநீறு! மூன்று நாளும் குனிந்து குனிந்து நானே தூவியிருக்கிறேன். பெருமானின் நெற்றிப் பொறிகள் சரவணப் பொய்கையில் அறுமுகனாயின. என் பொறிகள் ஓர் ஏழையின் வேலையைக் கெடுக்கப் பார்த்தன.

திருநீற்றை அழிக்க மனம் இல்லை. நெற்றியை மறைத்துத் துண்டைக் கட்டிக்கொண்டேன். புதுக் கரைசல். கலம் கழுவி மீண்டும்.

ஒரே மலை! மேடு இல்லை! வாய்விட்டுக் கூவினேன்.

ஆ.சாமி சிரித்தார். "துன்னூறையும் மில்லுக்கு அனுப்புங்கய்யா. நைசா அரைச்சுத் தரேன்."

தலைக்கட்டோடு மேலாளரிடம் ஓடினேன். பிழை ஆய்வாளருடையது என எழுதி நீட்டினேன். "இத எழுதியா குடுக்கணும்? வாயால சொன்னாப் போதாதா?" என்றார்.

"அவர் மேல எழுதித்தானே கேட்டீங்க. என் மேலயும் எழுத்துலயே இருக்கட்டுங்க."

மில்லுக்குச் சென்று ஆ.சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். இரைச்சலில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. "விடுங்கய்யா" என்று மண் ஒட்டிய கையால் என் கையைப் பிடித்தார்.

இத்தாள் என்றேனும் எவர் கையில் கிடைப்பினும், அவரும் அவர் மனையும் மக்களும் நலமே பெறுக. குற்றமற்றவர்மேல் பழி எழுதும் நாள் அவ்வீட்டில் எவருக்கும் வாராதிருக்க.