ஞாயிற்றுக்குப் பன்னிரண்டு பேர்

3 ஜூலை, வியாழன்

மழை. பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலேயே இருந்தேன். கிள்ளானில் எங்கள் சங்கம் நடத்தும் இலவச மருத்துவ முகாமைத் தொடரலாமா, மூடலாமா என்று அறிக்கை வேண்டுமாம். செயலாளர் கமலநாதன் ஆறு மாதக் கோப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். "நேர்ல போக வேணாம் நுஃமான் சார். எல்லாம் ஃபைல்லயே இருக்கு." நிம்மதியாக இருந்தது. அரசாங்க வேலையில் முப்பது வருடம் அதைத்தானே செய்தேன் - பிறர் திரட்டியதை மேசையில் வைத்துப் படிப்பது.

7 ஜூலை

இருபத்தாறு ஞாயிறுகள். வருகை நோட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். மூன்று முறை கூட்டினேன். ஞாயிற்றுக்குப் பன்னிரண்டு பேர். ஆனால் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் ஞாயிற்றுக்கு ஐம்பது செலவாகியிருக்கிறது. விரயம் என்று எழுதினேன். மூடலாம் என்று முடித்தேன்.

8 ஜூலை

அனுப்பிவிட்டேன்.

16 ஜூலை

முகாமின் தாதி நாஜியா போன் செய்தாள். மாதக் கடைசியில் மூடுகிறார்களாம்.

"அங்கிள், வேலை பெர்மிட் முடிஞ்ச வெளிநாட்டுக்காரங்க பேர நாங்க நோட்டுல எழுதறதே இல்ல. எழுதினா போலீஸ் புடிக்கும்னு பயந்து அடுத்த வாரம் வர மாட்டாங்க லா. தெலுக் பங்லிமா காராங் ஃபேக்டரியில இருந்து ஒருத்தர் கால் புண்ணோட வராரு. வேற எங்க போவாரு? அவங்க விரல்ல குத்துன ஸ்ட்ரிப்ப வேஸ்ட்னு போட்டிருக்கீங்க."

"என்கிட்ட யாரும் சொல்லலையேம்மா."

"நீங்க யாரையும் கேக்கலையே அங்கிள்."

17 ஜூலை

யார் எழுதியது, எதற்காக எழுதியது, யாரை விட்டுவிட்டு எழுதியது - ஒரு கோப்பைத் திறந்தால் கேட்க வேண்டியவை என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு நானே சொன்னவை. ஒன்றையும் கேட்கவில்லை. கேட்பதென்றால் யாருக்காவது போன் செய்ய வேண்டும். அதற்குத்தான் பயந்தேனா?

ஆமாம்.

18 ஜூலை

பெயர்கள் ஏன் நோட்டில் இல்லை என்ற காரணத்தை எழுதினால் அது சங்கக் கோப்பில் நிற்கும். கோப்பு யார் கைக்கெல்லாம் போகுமோ. எழுதாவிட்டால் மூடிவிடுவார்கள். ஒன்றும் தோணல. சோறு போட்டேன், சாப்பிடல. மூடி வெச்சுட்டேன்.

21 ஜூலை

சங்கக் கூட்டம். என் கூட்டலில் பிழை, ஞாயிற்றுக்கு ஐம்பது பேர், ஸ்ட்ரிப் கணக்கே சரி என்று எழுதிப்போய் வாசித்தேன்.

"கூட்டல்லயே தப்பா சார்?" என்றார் கமலநாதன். "வயசாச்சு, இனிமே ரெஸ்ட் எடுங்க லா. அடுத்த தடவ வேற ஆளப் பாத்துக்குறோம்."

சிரித்தார்கள். நோட்டைத் திறந்து பார்ப்பார்களோ என்று காத்திருந்தேன். யாரும் திறக்கவில்லை.

27 ஜூலை, ஞாயிறு

முகாம் தொடரும் என்று முடிவாகியிருக்கிறது. மின்சார ரயிலில் கிள்ளான் போனேன். முகாம் நடக்கும் கடைவீட்டின் மாடிப்படி முழுக்க ஆட்கள். பழக்கதோஷம், எண்ணத் தொடங்கினேன். பதினாறாவது ஆள் என் உதட்டசைவைப் பார்த்துவிட்டார். வரிசையை விட்டுத் திரும்பி இறங்கப் பார்த்தார்.

"நான் சும்மா பிரஷர் பாக்க வந்தேன் தம்பி" என்றேன்.

நோட்டில்லாத என் கையைப் பார்த்தார். பிறகு நகர்ந்து படியில் இடம் விட்டார். உட்கார்ந்தேன்.