சனிக்கிழமை மேசையில் உங்கள் தம்பி

அக்கா,

நேற்று என்னுடைய பழைய வான் வண்டியை விற்றுவிட்டேன். கொண்டுபோக வந்தவர், "உள்ளுக்குக் கிடக்கிற சாமானுகளை எடுங்கோ அன்ரி" என்றார். சீற்றுக்குக் கீழே கையை விட்டேன். ஒற்றைக் கையுறை ஒன்று, மடங்கிப்போன கோப்பிக் கோப்பை, அதோடு ஒரு சிடி. மேலே எங்கள் சனிக்கிழமை மேசை நானாவின் கையெழுத்தில் "எங்கட ஆள், இடையிசை" என்று எழுதியிருந்தது. புது வாகனத்தில் சிடி போட இடமே இல்லை. வீட்டிலும் அதைப் போட ஒன்றும் கிடையாது. கையில் வைத்துக்கொண்டு பனி கரைந்த தண்ணிக்குள் நின்றேன். அந்த மனிதர் இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் வண்டித் திறப்பைக் கொடுத்தேன்.

எனக்கு அலுத்துப்போய்விட்டது அக்கா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பனிக்காலம் நீங்கள் போனதிலிருந்து ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன், அது நீங்கள் என் தலையில் கட்டிவிட்டுப்போன வேலை. கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபத்தோடு எழுதினால் அழமாட்டேன் என்று ஒரு நினைப்பு.

நாங்கள் நாலு பேரும் சேரத் தொடங்கினது, பொட்காஸ்ட் என்றால் என்னவென்றே எங்கள் சனத்துக்குத் தெரியாத காலம். சென்னையில் யாரோ ஒரு பெடியன், எங்கட ஆளின் படப்பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துவைத்து, இந்த இடத்தில் பேஸ் கிற்றார் என்ன செய்கிறது, அந்த இடத்தில் புல்லாங்குழல் ஏன் நிற்கிறது என்று கிழமைக்கு ஒரு தரம் பேசி இணையத்தில் போடுவான். நானா அதை இறக்கிச் சிடியில் எழுதி எல்லோருக்கும் தருவார். சனிக்கிழமை காலையில் ஸ்காபரோவில், அஜின்கோர்ட் பக்கத்து டோனட் கடையின் மூலை மேசையில் சண்டை தொடங்கும். இசையமைப்பாளரின் பேரை நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. "எங்கட ஆள்" என்றால் அவர்தான், வேறு ஆர்?

நானா யாழ்ப்பாணத்து முஸ்லிம், இங்கே வீடுகளுக்குக் குழாய் வேலை செய்பவர். தன் சனம் முழுதோடும் ஒரேயடியாக ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டவர், அதைப் பற்றி மூச்சும் விடமாட்டார். பார்க்டேல் அண்ணை இந்த நாட்டுக்கு முதல் முதலாக வந்த ஆட்களில் ஒருவர். எல்லோரும் ஸ்காபரோவுக்கு வந்த பிறகும் அவர் மட்டும் நகரத்தின் மறுபக்கத்துப் பார்க்டேலை விட்டு அசையவில்லை. ஸ்ட்ரீட்கார், சப்வே, பஸ் என்று மாறி மாறி வந்து, வந்ததும் வராததுமாக "இந்தக் கிழமை பெடியன் சொன்னது முழுப்பிழை" என்று தொடங்குவார். நீங்கள் பள்ளிக்கூட பஸ் ஓட்டினீர்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் பஸ்ஸில் பாட்டைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு போவீர்கள். நான் முதியோர் இல்லத்துக் குசினியில் சமைக்கிறவள். என் பேர் தெரிந்தும் ஊரை வைத்து நீங்கள் என்னை "மட்டக்களப்பு" என்றே கூப்பிட்டீர்கள். அந்த மேசையைத் தவிர வேறு எங்கேயும் மற்ற இருவரையும் நாங்கள் கண்டதில்லை. நீங்களும் நானும்தான் ஒரே பக்கம் போகிறவர்கள் என்று வீடு வரைக்கும் பழகினோம்.

ஊரில் போர் முடிகிற அந்த வசந்தத்தில் இங்கே தமிழ் வானொலியில் படப்பாட்டு நின்றுபோனது. நாள் முழுக்கச் சோகக் குழல்தான். வேலை முடிய நகரத்துக்குப் போய் வீதியில் நின்று போரை நிறுத்தச் சொல்லிக் கத்துவோம். தொண்டை கட்டும். சனிக்கிழமை அதே தொண்டையோடு வந்து வயலினைப் பற்றி எப்படிக் கத்துவது? பார்க்டேல் அண்ணைதான் முதலில் சொன்னார்.

"சனம் சாகேக்கை நாங்கள் உதிலை இருந்து பாட்டுக் கதைக்கிறது வடிவில்லை. கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டுவம்."

நீங்கள் கோப்பையைக் கீழே வைத்தீர்கள். "எங்கை போனாலும் முதல் கேள்வி உங்கட ஆக்கள் என்ன மாதிரி எண்டுதான். கடையிலை, கோயிலிலை, பஸ் நிக்கிற யார்டிலை. மூச்சு விடவாவது ஒரு இடம் வேணும் அண்ணை. இந்த மேசையிலை செய்தி கதைக்கிறேல்லை. ஆரும் ஆரையும் கேக்கிறேல்லை. பாட்டை மட்டும் கதைப்பம். ஏலாதவை வராதேங்கோ."

ஒருவரும் வராமல் விடவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வந்தோம்.

உங்கள் தம்பி போர் நடந்த இடத்துக்குள்ளே அகப்பட்டிருந்தது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு, உங்களுக்கு ஒரு தம்பி இருக்கிறார், ஊரில் ரெக்கோடிங் பார் வைத்து ஆட்களுக்குக் கசற்றில் பாட்டுப் பதிந்து கொடுத்தவர் என்கிற அளவுக்கு மட்டும் தெரியும். மேசைக்கு நீங்கள் வைத்த அந்த விதி வந்த பிறகு அதையும் ஒருவரும் தொடவில்லை.

பிறகு அந்த மே மாதச் சனிக்கிழமை. பெடியன் எடுத்திருந்தது உங்களுக்கு உயிரான பாட்டை. தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் தாளம் மயிரிழைகூட அசையவில்லை என்று புகழ்ந்து தள்ளியிருந்தான். நீங்கள் ஜக்கெற்றைக் கழற்ற முதலே தொடங்கிவிட்டீர்கள்.

"விசர்க்கதை. இரண்டாவது இடையிசையிலை பாட்டு இழுபடும். வயலின் எல்லாம் களைச்சு, விழப்போற மாதிரி வந்து, பிறகுதான் எழும்பி ஓடும். அதுதான் அந்தப் பாட்டின்ரை உயிரே."

"தங்கச்சி, நான் தாளம் அளக்கிற மெட்ரோனோம் வைச்சுப் பாத்தனான். அசையேல்லை," என்றார் நானா.

"உங்கட மெட்ரோனோமைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடுங்கோ."

"எங்கட ஆள் உமக்கு மட்டும் வேறை பாட்டுப் போட்டுத் தந்தவரோ?" என்றார் அண்ணை. பக்கத்து மேசையில் இருந்த சீனக் கிழவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். அந்தக் கிழமை முழுக்க ஒருவரும் சிரித்திருக்கமாட்டோம்.

நீங்கள் சிரிக்கவில்லை. "என்ரை தம்பியைக் கேட்டுச் சொல்லுறன் பாருங்கோ. அவனுக்குத் தெரியும்," என்றீர்கள்.

விதி வைத்த ஆளே விதியை உடைத்துவிட்டார். தம்பி உள்ளேதான் இருப்பார் என்று ஊகித்திருந்த அண்ணை மெதுவாக, "தம்பி வெளியிலை வந்திட்டாரோ பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம்," என்றீர்கள். "முகாமுக்கு வந்திட்டான். சுகமாம்."

நானா இரண்டு கையையும் தூக்கி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். தன் கோப்பிக்கு மேலே ஒருவருக்கும் ஒன்றும் வாங்கிக் கொடுத்தறியாத பார்க்டேல் அண்ணை எழும்பிப்போய் ஒரு பெட்டி டோனட் வாங்கிக்கொண்டு வந்தார். நான் உங்களைக் கட்டிப்பிடித்து அழுதேன். நீங்கள் என் முதுகைத் தட்டிவிட்டு, "சரி சரி, இப்ப சொல்லுங்கோ, இழுபடுமோ இல்லையோ?" என்று திரும்பவும் தொடங்கினீர்கள்.

திங்கட்கிழமை வேலை முடிய ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு உங்கள் அப்பார்ட்மெண்டுக்கு வந்தேன். மகள் கதவைத் திறந்தாள். உள்ளே தம்பியின் படம், மாலை, பக்கத்தில் எரிகிற விளக்கு. முகாமுக்கு வந்த ஒருவர் கொழும்புக்குச் சொல்லி, கொழும்பிலிருந்து வெள்ளிக்கிழமை உங்களுக்குப் போன் வந்ததாம். வெள்ளிக்கிழமை! நான் லட்டுப் பெட்டியோடு நிற்கிறேன். நீங்கள் வந்து அதைக் கையிலிருந்து வாங்கிக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்தீர்கள், ஏதோ மரக்கறி வைக்கிறதுபோல.

"என்னக்கா இது? என்ன மனுசி நீங்கள்?" என்று கத்தினேன். செத்தவீட்டில் நின்று கத்தினேன். மகள் பயந்து உள்ளே போய்விட்டாள்.

"சொல்லவெண்டு நினைச்சு நான் சொல்லேல்லை. வாயிலை வந்திட்டுது. வந்தாப் பிறகு அண்ணையின்ரை முகத்தைப் பாத்தியே? எப்பிடித் திருப்பி எடுக்கிறது?" என்றீர்கள். பிறகு சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்தீர்கள். "கரண்ட் இல்லாத காலம். சைக்கிளைக் கவிட்டு வைச்சு, அவன் பெடலைக் கையாலை சுத்துவான். டைனமோவிலை கசற் ஓடும். அந்தப் பாட்டிலை இரண்டாவது இடையிசை வரேக்கை அவனுக்குக் கை உளையும். மற்றக் கைக்கு மாத்துவான். அதுதான் இழுபடுறது. மற்ற ஆக்களுக்கு அது நேராத்தான் ஓடும் எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியே? தெரியும்."

நான் பக்கத்தில் இருந்தேன்.

"எல்லா இடத்திலையும் அவன் செத்திட்டான், மட்டக்களப்பு. வீட்டிலை, பஸ்ஸிலை, கோயிலிலை. அந்த ஒரு மேசையிலை இருக்கட்டும் விடு. நீ அங்கை வாயைத் திறவாதை."

திறக்கவில்லை அக்கா. அடுத்த சனிக்கிழமை அண்ணை வந்து இருக்க முதலே, "தம்பி என்ன சொன்னவர்?" என்று கேட்டார். நீங்கள் கண்ணும் இமைக்காமல், "இழுபடுமாம்" என்றீர்கள். நானா தலையில் அடித்துக்கொண்டார். அப்படித் தொடங்கியதுதான், வருசக்கணக்காக உங்கள் வாயில் வளர்ந்தது. தம்பி முகாமால் வெளியே வந்தார், வவுனியாவில் போன் திருத்துகிற கடை போட்டார், கலியாணம் வேண்டாம் என்று நின்றார், பொட்காஸ்டைத் தன் போனிலேயே இறக்கிக் கேட்கத் தொடங்கினார். எங்கட ஆளின் பிந்திய பாட்டுகள் அவருக்குப் பிடிக்கவில்லை. கோரஸ் பாடுகிற பெண்களை ஒருவரும் கவனிக்கிறதில்லை என்று ஒரு முறை சொன்னார், நாங்கள் மூன்று கிழமை அதையே கதைத்தோம். உண்மையைச் சொல்லப்போனால் உங்கள் கருத்துகளைவிட உங்கள் தம்பியின் கருத்துகள் திறம். அவருக்கு உங்களைவிடத் துணிச்சலும் அதிகம். "உவருக்குக் காது இல்லை" என்று அண்ணை கத்துவார், அடுத்த கிழமை அவரே "தம்பி சொன்னதிலையும் ஒரு நியாயம் கிடக்கு" என்று இறங்கி வருவார். நான் கோப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில நாட்களில் எனக்கே மறந்துபோகும்.

ஒரு தைப்பொங்கலுக்கு அண்ணை தம்பிக்கென்று நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கித் தந்து, "ஊருக்குப் போற ஆரிட்டையும் குடுத்துவிடும்" என்றார். இரண்டு கையாலும் வாங்கினீர்கள். அது பெட்டி உடைக்காமல் படத்துக்குக் கீழே இருந்ததை நான்தான் பார்த்தேன். அன்றைக்கு உங்களோடு கதைக்காமல் வீட்டுக்கு வந்தேன். மெய்யாகவே வெறுத்துப்போனது.

இந்தப் பனிக்காலம் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், திரும்பி வரவில்லை. மகள் மரண அறிவித்தல் போட்டாள். எங்கள் சனம் அறிவித்தல் எழுதுகிற முறை உங்களுக்குத் தெரியும்: இன்னாரின் மகளும், இன்னாரின் தாயும் என்று வரிசையாக வரும், இறந்துபோனவர்களின் பேருக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று கட்டாயம் போடவேண்டும். உங்கள் தம்பியின் பேருக்கு முன்னாலும் போட்டிருந்தது. குசினியில் நின்று போனில் வாசித்தேன். அந்த ஒரு சொல்லை எடுத்துவிடு பிள்ளை என்று மகளிடம் எப்படிக் கேட்பது? அவளுடைய மாமன். செத்ததை அழித்து எழுது என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? காலையில் எழும்பி முகம் கழுவ முதல் மரண அறிவித்தல் பார்க்காத ஆள் எங்கள் சனத்தில் உண்டா?

செத்தவீட்டுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்கள். என் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கிழமை முழுக்க நான் சொல்லப்போவதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அக்காவை மன்னியுங்கோ, அவ ஏமாத்தவெண்டு செய்யேல்லை. இதுதான் தொடக்கம். அதற்கு மேலே ஓடவில்லை.

சனிக்கிழமை போனேன். உங்கள் கதிரையை ஒருவரும் இழுக்கவில்லை. அண்ணைக்கு இப்போது நடக்கவே கஷ்டம், நானாதான் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறார். நான் மேசையில் கையை வைத்து, "உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு விசயம் சொல்லவேணும். அக்காவின்ரை தம்பி..." என்று தொடங்கினேன்.

"கோப்பி ஆறுது, குடியுங்கோ," என்றார் நானா. என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

அண்ணை கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "இந்தக் கிழமை பெடியன் சொன்னது எனக்குச் சரியாப் படேல்லை," என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பி என்னவாம், பிள்ளை?" என்று கேட்டார்.

இரண்டு பேரின் கண்ணும் சிவந்திருந்தது. அறிவித்தலை வாசித்த கண்கள் அவை, எனக்குத் தெரியும். நான் அந்தக் கிழமை பொட்காஸ்டைக் கேட்கவேயில்லை. ஆனாலும் வாய் திறந்தது. "அவருக்கும் பிடிக்கேல்லையாம் அண்ணை. பெடியன் கனக்கக் கதைக்கிறானாம். பாட்டை ஓடவிடுறானில்லையாம்," என்றேன்.

"அதுதானே நானும் சொல்லுறன்!" என்று அண்ணை மேசையில் அடித்தார். நானா மூக்கைத் துடைத்துக்கொண்டு, இல்லை, பெடியன் கதைத்தால்தான் எங்களுக்கு விளங்கும் என்று எதிர்த்துப் பேசத் தொடங்கினார்.

எனக்கு உங்கள் காது இல்லை அக்கா. பேஸ் கிற்றாரையும் செல்லோவையும் இன்றைக்கும் மாறிச் சொல்கிறவள் நான். இப்போது வேலையால் வந்து கால் உளைவோடு சோபாவில் இருந்து ஒவ்வொன்றையும் ஒரு தரம் எனக்காகக் கேட்கிறேன், திரும்ப ஒரு தரம் நான் ஒருநாளும் காணாத ஒரு மனிதருக்காகக் கேட்கிறேன். அவர் இதைக் கேட்டால் எங்கே முகம் சுளிப்பார், எங்கே இன்னொரு தரம் போடு என்பார் என்று யோசிக்கிறேன். சரியான அலுப்பு. போன சனிக்கிழமையும் அவர் அண்ணையின் பக்கம்தான் நின்றார். வருகிற சனிக்கிழமை நிற்கமாட்டார் என்று நினைக்கிறேன்.