மணியோசை கேட்கும் தூரம்

இயேசு மரி சூசை

நாவற்குடா
18.1.1937

அன்பு மிகுந்த அத்தானுக்கு,

செபஸ்தியாம்பிள்ளை எழுதுவது. மழை விட்ட பிறகும் இங்கே எல்லோருக்கும் தடிமன், இருமல், மற்றப்படி சுகம். அங்கே நீங்களும் பீற்றிசும் சின்னவன் லூர்தும் எப்படி? அக்கா கண்ணை மூடி வருடம் ஆகப்போகிறது. இங்கே கோயிலில் பூசைக்குச் சொல்லியிருக்கிறேன்.

இந்த மாதத்திலிருந்து எனக்குப் புது உத்தியோகம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வருகிறார்களா என்று ஊர் ஊராகப் பார்க்க வேண்டும். நேற்று மாங்கேணிப் பக்கத்து வரவுப் பதிவு இடாப்பை விரித்தேன். வராத பிள்ளைகளில் முதல் பெயர் நம்முடைய பீற்றிஸ். எட்டு மாதமாக ஒரு நாள்கூட இல்லை!

அத்தான், அவளுக்குப் பன்னிரண்டு வயது. சட்டப்படி கட்டாயம் அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் உங்கள் பெயருக்கு வழக்கு எழுத வேண்டியவன் நான்தான். என் கையால் அதைச் செய்ய வைக்காதீர்கள். உடனே பதில் போடுங்கள்.

உங்கள் அன்பு மைத்துனன்,
செபஸ்தியாம்பிள்ளை


இயேசு மரி சூசை

மாங்கேணி
24.1.1937

மச்சான் செபஸ்தியாம்பிள்ளைக்கு,

அருளப்பு சொல்ல, மகள் பீற்றிஸ் எழுதுவது. உமக்கு உத்தியோகம் கிடைத்தது மெத்தச் சந்தோஷம். கோட்டும் போட்டிருப்பீர். உமது அக்காள் இருந்தால் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பாள். ஆனாலும் கோட்டைப் போட்டதும் முதலில் என் வாசலுக்கா வர வேண்டும்?

விடியுமுன் தோணியில் போனால் வெயில் ஏறித்தான் கரைக்கு வருவேன். லூர்துக்கு இரண்டு வயது. நடக்கப் பழகியதிலிருந்து தண்ணீரைப் பார்த்துத்தான் ஓடுகிறான். அவனை யார் பிடிப்பது? உலையில் அரிசியை யார் போடுவது? கட்டாயம் என்கிற அரசாங்கம் ஒரு காலையாவது வந்து இவனைத் தூக்கி வைத்திருக்குமா?

எனக்கு எழுத்துத் தெரியாது. இவள் எழுதுகிறாள், வாசிக்கிறாள். போதாதா? நான் பிள்ளைக்குப் பகையாளி இல்லை, மச்சான். என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். இதைச் சொல்லச் சொல்ல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறாள். அதையும் எழுது என்றேன், எழுதிவிட்டாள்.

இப்படிக்கு,
அருளப்பு (கைநாட்டு)


இயேசு மரி சூசை

நாவற்குடா
2.2.1937

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை நாலுதரம் வாசித்தேன். ஒரு பிழை இல்லை. எங்கள் கந்தோரில் எழுத்து வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவர்கள்கூட இப்படி எழுதுவதில்லை. அதை வாசித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

லூர்தை நினைத்தால் நீங்கள் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. ஆகவே ஒரு வழி சொல்கிறேன். பள்ளிக்கூடம் களப்புத் தண்ணீருக்கு அக்கரையில் இருக்கிறது. கரையைச் சுற்றித் தரைவழியே போனால் நாலு மைலுக்குக் குறையாது. அவ்வளவு தூரத்துப் பெண்பிள்ளைக்கு விலக்குக் கேட்கலாம். "பள்ளிக்கூடம் நாலு மைல், பிள்ளை நடக்க மாட்டாள்" என்று விண்ணப்பம் எழுதி நேரே கந்தோருக்கு அனுப்புங்கள். நானும் அப்படியே அறிக்கை கொடுக்கிறேன். தோணிப் பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம்.

மாங்கேணியில் ஒருவரும் அந்தச் சுற்றுவழியில் நடப்பதில்லை என்று எனக்குத் தெரியும். மற்றத் தகப்பன்மார் மேல் வழக்கு எழுதிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது. அக்காவின் வீடு என்பதற்காகத்தான். பீற்றிஸ், இதை வாசித்துக் காட்டுகிறவள் நீதானே. மாமாவைக் கோபிக்காதே.

செபஸ்தியாம்பிள்ளை


நாவற்குடா
19.2.1937

அத்தானுக்கு,

என்ன வேலை செய்துவிட்டீர்கள்? விண்ணப்பம் கந்தோருக்கு வந்தது. பெரியவர் என்னைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கச் சொன்னார். அதில் எழுதியிருந்தது இதுதான்: "பள்ளிக்கூடம் தோணியில் கால் மணி நேரம். தம்பியைப் பார்க்க ஆள் இல்லாததால் மகள் வரவில்லை. தூரம் காரணம் இல்லை."

பக்கத்தில் என் அறிக்கை கிடக்கிறது, நாலு மைல் என்று! ஏழு நாளில் விளக்கம் எழுதித் தர வேண்டும். வேலை நிலைக்குமோ போகுமோ தெரியாது. உங்களுக்கு உதவப் போய்த்தானே இந்த நிலை. வேண்டாமென்றால் முதலே சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு அழுகை வருகிறது, அத்தான்.

செபஸ்தியாம்பிள்ளை


இயேசு மரி சூசை

மாங்கேணி
23.2.1937

மச்சானுக்கு,

அருளப்பு சொல்ல, கடைக்கார இராசதுரை எழுதுவது. பீற்றிஸ் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள்.

சத்தியமாக எனக்குத் தெரியாது, மச்சான். நீர் எழுதியபடி நாலு மைல் என்றுதான் சொன்னேன். அவள் எழுதினாள், நான் பெருவிரலை வைத்தேன். உமது கடைசிக் கடிதத்தை அவளே எனக்கு வாசித்துக் காட்டினாள். அடிக்கக் கை ஓங்கினேன்; சொல்ல வெட்கம்.

"நான் சொன்ன மாதிரியா புள்ள எழுதின?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. சோறு வடிக்கக்குள்ள பள்ளிக்கூட மணி கேக்குது. ஒவ்வொரு நாளும் கேக்குது. நாலு மைல் எண்டு எப்பிடிப்பா எழுதுற?"

அந்த மணி எனக்கும் கேட்கிறதுதான். அது கேட்டு அவள் என்ன பாடுபட்டாள் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. அன்று முழுவதும் வலையைத் தொடவில்லை. கரையில் நடந்துகொண்டே இருந்தேன்.

நேற்றிலிருந்து விடியற்காலைத் தொழிலை விட்டுவிட்டேன். காலையில் லூர்தை மடியில் வைத்துக்கொண்டு அவளை அக்கரையில் விடுகிறேன், மத்தியானம் ஏற்றி வருகிறேன். பின்னேரம் வலை போடுகிறேன். நேற்றுப் பட்ட மீன் முந்தியதில் பாதியும் இல்லை. பரவாயில்லை.

உம்மேல் கோபம் உண்டு. படித்த நீர் எனக்குப் பொய் சொல்லித் தந்தீர். நான் அதைப் பிள்ளையிடம் கொடுத்து எழுதச் சொன்னேன். இருவரும் அவளுக்கு முன்னால் சிறுத்துப் போனோம். விளக்கம் எழுதவேண்டிய நாளுக்கு முதல் நான் கந்தோருக்கு வருகிறேன். உள்ளதை உள்ளபடி சொல்வோம். என்ன வந்தாலும் வரட்டும், நான் பக்கத்தில் நிற்பேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இனி உமது இடாப்பில் அவள் வந்தாள் என்று எழுதும். சட்டம் போட்டு வரவைத்தோம் என்று எங்கும் எழுதாதேயும்.

உமது அத்தான்,
அருளப்பு (கைநாட்டு)