அச்சுத்தைத் தூக்கிக்கொள்வது பற்றி

ஸ்ரீ:

திருப்பதி
ஞாயிற்றுக்கிழமை

சௌபாக்கியவதி ஸ்ரீவல்லிக்கு அப்பா அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. பெருமாள் கிருபையில் இங்கே உடம்பளவில் எல்லோரும் க்ஷேமம், நீயும் மாப்பிள்ளை ரகுராமும் அப்படியே இருக்கப் பிரார்த்தனை. கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷர் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். போனில் உன்னிடம் தனியாகப் பேச முடிகிறதா, நீயே சொல். உன் குரல் லேசாகக் கேட்டால் போதும், உன் பிள்ளை அச்சுத் எந்த மூலையில் இருந்தாலும் ஓடி வந்துவிடுகிறான், அதற்கப்புறம் நடப்பதில் நீ பார்ப்பது பாதிதான், நீ போனை வைத்த பிறகு மீதியை நாங்கள் பார்க்கிறோம். மேல் வீட்டு வெங்கட் புதன்கிழமை அமெரிக்கா வருகிறார், அவர் கையில் இதையும் அம்மா இடித்த பருப்புப் பொடியையும் கொடுத்து அனுப்புகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்க்கிறாள், பிறகு தைலத்தைத் திட்டுகிறாள். நல்ல மழை, கபில தீர்த்தத்தில் தண்ணீர் கொட்டுகிறதாம், போய்ப் பார்க்கவில்லை. காலையில் பிரபந்தம் சொல்லக் கோயில் கோஷ்டிக்குத் தவறாமல் போகிறேன், குரல்தான் கம்மிவிட்டது. அச்சுத்தின் ப்ளே ஸ்கூல் மேடம் என்னைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று தெலுங்கில் மரியாதையாகச் சொல்லிவிட்டாள். இன்னொரு குழந்தை மேல் ஸ்லேட்டை வீசியிருக்கிறான். அழ ஆரம்பித்தால் மூச்சை அடக்குகிறான், உதடு நீலம் பாய்கிறது, தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான். நீ பதறாதே, டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். அதைக் கேட்டு எனக்குத் தைரியம் வரவில்லை. ஏதாவது இருந்தால் மருந்தாவது கொடுக்கலாம் அல்லவா.

டாக்டர் சொன்னது க்ரூப் தெரபி. கோபம், அழுகை எல்லாம் வந்தால் குழந்தை தானே சமாளிக்கக் கற்றுக்கொள்ள, இவன் வயசுக் குழந்தைகளைச் சேர்த்து உட்கார வைத்து விளையாட்டாகச் செய்வது. திருப்பதியில் நடப்பது தெலுங்கில், இவனுக்கு அழுகை வந்தால் தமிழைத் தவிர வேறு வராது, அதனால் தமிழும் பேசும் இடமாகச் சித்தூரில் பார்த்தோம். சனிக்கிழமைதோறும் நானும் அவனும் பஸ் ஏறுகிறோம், பூதலப்பட்டு வரை ஜன்னல், அதற்குப் பிறகு தூக்கம். அங்கே போடும் சத்தத்தைக் கேட்டால் ஆளுக்கொரு சுருதியில் இழுக்கும் எங்கள் கோஷ்டியே தேவலை. நடத்துகிறவள் ஸுப்ரஜா என்று ஒரு பெண், உன்னைவிடச் சின்னவள், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சோப்பு நுரையை ஊதச் சொல்கிறாள், நிதானமாக ஊதினால்தான் குமிழி பெரிதாக வருமாம். கோபம் வந்தால் ஆமை மாதிரி கையையும் தலையையும் உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சு விடச் சொல்கிறாள். நம் பிள்ளை ஆமை நன்றாகப் போடுகிறான், உள்ளே போனால் வெளியே வருவதுதான் இல்லை. பெரியவர்கள் சுவரோரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் பலமனேரிலிருந்து வரும் தனபாக்கியம், காய்கறி மண்டியில் வேலை, மகன் கோகுலகிருஷ்ணன் எல்லோரையும் கடிக்கிற பிள்ளை. இன்னா பண்றது சாமி, எதுக்கெடுத்தாலும் கடிச்சிக்கினே கீறான் என்று முழங்கையைக் காட்டுவாள், நான் இவன் நெற்றி வீக்கத்தைக் காட்டுவேன், இப்படித்தான் எங்களுக்குள் சிநேகம்.

ஒரு சனிக்கிழமை, மேளம் நின்றதும் சிலை மாதிரி நிற்கும் விளையாட்டில் கோகுல் தடுக்கி விழுந்தான். அழுதுகொண்டே எழுந்து, கிட்டத்தில் நின்ற அச்சுத்தைக் கட்டிக்கொள்ளப் போனான். இவன் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து, தொடாதே, நான் மடி, தள்ளி நின்னு அழு என்றான். உன் அம்மா குரல், அம்மா இழுக்கிற இழுப்பு, அப்படியே இருந்தது. தனபாக்கியம் முகம் சுருங்கிப் போயிற்று. இன்னா சாமி, கொயந்தைக்கு இதையா சொல்லிக் குடுத்துக்கீறீங்க என்று கேட்டாள். நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள். எல்லோரும் போன பிறகு ஸுப்ரஜா மடி என்றால் என்ன என்று கேட்டாள். ஸ்நானம் செய்து, யாரும் தொடாமல் உலர்த்திய வஸ்திரம் கட்டிக்கொண்டால் பெருமாள் ஆராதனம் முடியும் வரை யார் மேலும் படக்கூடாது என்று சொன்னேன். அப்படியானால் காலையில் இவன் அம்மா போனை வைத்ததும் இவனை யார் தூக்குவார்கள் என்று கேட்டாள்.

யோசித்துப் பார் ஸ்ரீவல்லி. நீ ஆபீஸ் முடித்து, சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடும்போது இங்கே காலை ஆறு மணி. அம்மா மடியில் தளிகை பண்ணிக்கொண்டிருப்பாள், நான் மடியில் கோஷ்டிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். போன் விழுப்பு, மடியில் இருப்பவர்கள் தொடக்கூடாது, அதனால் அதை முதலிலேயே ஜன்னலில் சாய்த்து வைத்துவிடுகிறோம், அவன் தனியாக நின்று உன்னோடு பேசுகிறான். நீ வைத்ததும் அழுதுகொண்டு சமையலறைக்கு ஓடுகிறான், கண்ணா தள்ளி நில்லு, பெருமாள் அமுது செய்யட்டும் என்கிறாள் அம்மா. என்னிடம் வருகிறான், நானும் இரண்டடி பின்னால் போகிறேன். அள்ளிக்கொள்ள ஆசை இல்லாமல் இல்லை. நீ இங்கே இருந்தபோதும் எங்கள் காலை இப்படித்தான், ஆனால் நீ விழுப்பில் இருப்பாய், உன்னிடம் வந்து விழுவான். இப்போது இந்த வீட்டில் காலையில் விழுப்பில் இருப்பது அவனும் போனும்தான்.

அம்மாவிடம் சொன்னேன். பெருமாளுக்கு விழுப்பிலே தளிகை பண்ணச் சொல்றேளா என்று கோபித்துக்கொண்டாள், அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். மறுநாள் அவனைத் தூக்கிச் சமாதானம் செய்துவிட்டு மறுபடி ஸ்நானம் செய்தாள், குளித்துவிட்டு வந்ததும் அவன் மறுபடி அழ, மறுபடி தூக்கி, மறுபடி தலையில் தண்ணீர். அந்த வாரம் முழுக்க நெஞ்சில் சளி. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பட்டுக்குத்தான் விழுப்பு இல்லையே, தன் அரக்குப் பட்டுப்புடவையைக் கிழித்து அவன் இடுப்பளவுக்கு ஒரு வேஷ்டியும் துண்டும் தைத்துவிட்டாள். காலையில் நீ கூப்பிடுவதற்கு முன்னால் கட்டிவிடுவாள், நீ போனை வைத்ததும் தூக்கிக்கொள்வாள். முதல் நாளே அழுகை சீக்கிரம் அடங்கியது. ஆசாரத்துக்கும் குறைவில்லை, குழந்தைக்கும் குறைவில்லை என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும் எங்கள் சாமர்த்தியத்தில் பெருமையாகத்தான் இருந்தது.

நேற்று சித்தூரில், மனசு கஷ்டமாக இருந்தால் தம் மனுஷரிடம் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஸுப்ரஜா சொல்லிக் கொடுத்தாள். அப்போது ஒரு குழந்தை இவன் கையிலிருந்த பொம்மை போனைப் பிடுங்கிவிட்டது. இவன் எதையும் வீசவில்லை, தலையை மோதவில்லை, அழுதுகொண்டு நேரே என்னைப் பார்த்து ஓடி வந்தான். நான் இரண்டு கையையும் நீட்டினேன். கைக்கு எட்டும் தூரத்தில் சட்டென்று நின்றான். குனிந்து தன் பனியனையும் நிஜாரையும் பார்த்தான். பட்டு கட்டிக்கலையே தாத்தா என்றான். நான் எழுந்து தூக்கிவிட்டேன். தூக்கினேனே தவிர அவன் என் மேல் சாயவில்லை, என் மேல் பட்டுவிடாமல் இரண்டு கையையும் அகட்டி வைத்துக்கொண்டே அழுதான். பட்டு வேண்டாம் கண்ணா, இங்கே மடி இல்லை, தொடலாம் என்று எத்தனையோ சொன்னேன், கேட்கவில்லை. தனபாக்கியம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே, இன்று காலையும் அந்த வேஷ்டியை ஆசையாகக் கட்டிவிட்டாள். நிபந்தனை போடாமல் தினமும் தூக்கினால் மெல்ல மெல்ல மாறும் என்கிறாள் ஸுப்ரஜா. ஆராதனத்தை எப்படி விடுவது என்று எனக்குத் தெரியவில்லை, இவனை இப்படியே விடவும் முடியவில்லை, இந்த வயசில் எனக்கு எதுவுமே தெரியவில்லை. உன் காலையில், ஆபீஸ் கிளம்புவதற்கு முன் கூப்பிட முடியுமா பார், அப்போது இங்கே சாயங்காலம், நாங்கள் மடியில் இருக்க மாட்டோம். விசா சிக்கலில் நீ வந்தால் திரும்பிப் போக முடியாது என்பதும் புரிகிறது, உடனே வா என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாக, சகல க்ஷேமத்தோடு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், என்றைக்கு நீ வந்து இறங்கினாலும் குழந்தை உன்னைப் பார்த்துத் தள்ளியே நின்றால், மறந்துவிட்டான் என்று நினைத்துவிடாதே. தொடலாமா என்று உன்னைக் கேட்கத் தெரியாமல்தான் நிற்பான், நீயே போய்த் தூக்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா
கண்ணபிரான்