எதிரணிப் பக்கம் ஓர் இருக்கை

அன்புள்ள ரியோஹெய்க்கு, அம்மா எழுதுவது. இங்கே சகாயில் நானும் கடையும் நலம், அங்கே தோக்கியோவில் நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்பதை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யிலேயே பார்த்துவிட்டேன். நான் மட்டுமல்ல, கடையில் கோஸ் அடை தின்றுகொண்டிருந்த பதினோரு பேரும் பார்த்தார்கள்.

பேஸ்பால் ஆட்டத்தில் கடைசிச் சுற்று வரைக்கும் நம் ஒசாகா நரிகள் அணி நான்கு ஓட்டம், தோக்கியோ நாரைகள் மூன்று. இன்னும் ஒரே ஒரு ஆளை வெளியேற்றினால் ஜெயம் என்று நான் அடைக்கல்லை மறந்து திருப்பியும் கையுமாக நிற்கிறேன், அந்த நாரைப் பயல் அடித்த பந்து நம் ஆட்கள் இரண்டு பேருக்கு நடுவே புகுந்து ஓட, அவர்கள் பக்கம் இரண்டு பேர் ஓடி முடித்து, ஐந்துக்கு நான்கு என்று கதை முடிந்தது. தோற்றதுகூடப் பரவாயில்லை, நரிகளுக்குத் தோற்கத் தெரியும், எனக்குத் தாங்கத் தெரியும். ஆனால் கேமரா நாரைகளின் கூட்டத்துப் பக்கம் திரும்பியதே, அங்கே அவர்களுடைய நீலச் சட்டை போட்டுக்கொண்டு என் பிள்ளை, தன் மாமியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதிக்கிறான். பிளம்பர் உராபே வாயில் அடையோடு, "யக்கா, நம்ம ரியோ தானே அது? கட்சி மாறிட்டானா? பொண்ணு குடுத்தவங்க சட்டையும் சேத்துக் குடுத்துட்டாங்க போல!" என்றான். கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். அவனுடைய இரண்டாவது அடை கரிந்துபோயிற்று, அப்படியே தட்டில் போட்டேன்.

மறைப்பானேன், எனக்குப் பொறாமை. கசூகோ சம்பந்தி நல்லவர்தான், புது வருஷ வாழ்த்து ஒரு தடவைகூடத் தவறியதில்லை, அவர் கையெழுத்து என்னுடையதைவிட அழகு, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. உன் அப்பா கண்ணை மூடியபோது உனக்கு ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டு உன்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனவள் நான். நரிகள் ஜெயித்தால் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு குதிப்பாய். பத்து வயதில் உனக்குக் கூச்சம் வந்து என் கையை விட்டுவிட்டாய், பிள்ளை வளர்ந்துவிட்டான் என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது பார்த்தால் உன் கூச்சமெல்லாம் என்னிடம் மட்டும்தான்.

நேற்று உன் பெண்டாட்டி ஷியோரி போன் செய்து, "அத்தை, ஆகஸ்ட்ல அப்பா அம்மாவோட நாங்க மேட்ச் பாக்க ஒசாகா வர்றோம், நாரைங்க பக்கம்தான் டிக்கெட், நீங்களும் வாங்களேன்" என்றாள். அந்தப் பக்கம் நம் நரிகளின் பச்சைச் சட்டையோடு உட்கார விடமாட்டார்கள், நரி அடித்தால் கை தட்டக்கூடாது. அது நியாயம்தான், நம் பக்கம் நீலச் சட்டையோடு வந்தவர்களை நானே எழுப்பி அனுப்பியிருக்கிறேன். "இந்த ஜென்மத்துல அங்க உக்கார மாட்டேம்மா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள், அத்தைக்குக் கல்லில் வேலை இருந்தது, அதுதான் அவசரம் என்று சொல்லிவை.

அப்புறம் ராத்திரி முழுக்க யோசித்தேன். நான் வருகிறேன் என்று அவளிடம் சொல். ஆனால் என் இருக்கை உனக்கும் கசூகோவுக்கும் நடுவில் இருக்கவேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்கிறேன், நீலம் மட்டும் கேட்காதே. வாயை மூடிக்கொள்வேன், அது என்னால் முடியும். கைதான் சொன்னபடி கேட்காது, நரி அடித்தால் தானாகத் தட்டிவிடும். பக்கத்தில் இருந்து நீதான் பிடித்துக்கொள்ளவேண்டும், இரண்டு கைகளையும்.

நீயும் ஷியோரியும் ஒரு குறையுமில்லாமல் நீடூழி வாழவேண்டும். கடைவாய்ப் பல்லை இந்த வாரமே டாக்டரிடம் காட்டு, டி.வி.யில் சிரிக்கும்போது கன்னம் வீங்கித் தெரிந்தது. நான் அந்தப் பக்கம் உட்காரப்போவதைப் பற்றி உராபேயிடம் மட்டும் மூச்சு விடாதே.

இப்படிக்கு,
இன்னமும் பச்சைச் சட்டைக்காரியான
உன் அம்மா ஃபுமியே